கைக்கடிகாரமா, கெட்டிலா, சுவரில் ஒரு சென்சரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் அம்மா தனியாக இருக்கிறார். நான் ஜோகன்னஸ்பர்க்கில், சுமார் 570 கிலோமீட்டர் தள்ளி. எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பதுதான் பதில். உண்மை நிலையை அறிய மூன்று கருவிகளைப் பார்த்தேன். கேமராவை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பெற்ற தாயை நாள் முழுதும் வேவு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கைக்கடிகாரம் நாடித்துடிப்பு, நடந்த அடிகள், தவறி விழுவது எல்லாவற்றையும் சொல்லும். இதய நோய் இருந்திருந்தால் இதையே வாங்கியிருப்பேன். ஆனால் அம்மா குளிக்கும்போது அதைக் கழற்றி வைக்கிறார். வழுக்கி விழும் ஆபத்து அங்கேதான் அதிகம்.

கெட்டில் பிளக்கில் பொருத்தும் மின்னளவி மலிவு. ஜப்பானின் சொஜிருஷி நிறுவனம் 2001இலேயே, எப்போது பயன்படுத்தினார்கள் என்பதை உறவினருக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கும் வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தது. தேநீர் போட்டால் எழுந்துவிட்டார் என்று தெரியும். அவ்வளவுதான்.

நான் தேர்ந்தது அசைவு சென்சரை. அடுப்படி, நடை, குளியலறை மூன்றிலும் ஒவ்வொன்று. உடல் வெப்பம் நகர்வதை மட்டுமே அது உணரும். படமில்லை, குரலில்லை, அம்மா எதையும் அணிய வேண்டியதில்லை. ஒரு மாதப் பதிவு சேர்ந்ததும் அவருடைய வழக்கம் பிடிபட்டுவிட்டது. மற்ற முதியவர்களின் சராசரி எனக்கு எதற்கு? போன மாதத்து அம்மாவோடு இந்த மாதத்து அம்மாவை ஒப்பிட்டால் போதும். இரவில் ஒருமுறை எழுந்தவர் நான்கு முறை குளியலறைக்குப் போகத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கெட்டில் இதைக் காட்டாது.

குறைகளும் உண்டு. சித்தி வந்து தங்கினால் இருவர் நடமாட்டமும் ஒன்றாகக் கலந்துவிடும். புரட்டாசிச் சனிக்கிழமை விடியுமுன்னே விரதச் சமையல் தொடங்கியதை மென்பொருள் 'வழக்கத்துக்கு மாறானது' என்று எச்சரித்தது. இப்போது விரத நாட்களை முன்கூட்டியே குறித்துவிடுகிறேன். மின்வெட்டுதான் பெரிய தொல்லை. சென்சர் பேட்டரியில் ஓடினாலும் இணையம் தரும் ரவுட்டர் அணைந்துவிடும், பதிவு வெறுமையாகும். 2023இல் நாளுக்குப் பலமுறை மின்சாரம் போனதே, அப்படி ஒரு காலம் திரும்பினால் ஒவ்வொரு வெறுமைக்கும் நெஞ்சு பதறும். அதனால் 'அசைவு இல்லை', 'பதிவு இல்லை' இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவியை மட்டுமே வாங்குங்கள். ரவுட்டருக்கு மாற்று பேட்டரியும் வையுங்கள்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எச்சரிக்கை முதலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் போக வேண்டும். சாவி அவரிடம் இருக்கிறது. நான் காரில் வந்து சேர ஆறு மணி நேரமாகும்.