2 மணி நேரமா, 30 நாளா? பக் கேமுக்குப் பணம் திரும்பக் கேட்பது

அண்மையில் வாங்கிய, பக் (நிரல் பிழை) மலிந்த ஒரு கேம், மூன்றாவது மணி நேரத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைத்த என் சேவ் ஃபைலைத் தின்றுவிட்டது. அதுவரை ஒழுங்காக ஓடியதா என்றால் அதுவும் இல்லை. முதல் தடவை திறந்ததும் ஷேடர் (காட்சிகளை வரையும் நிரல்) தொகுக்கவே 20 நிமிடம். அப்புறம் தொடக்கக் காட்சியிலேயே மூன்று கிராஷ். கிராபிக்ஸ் அமைப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் இன்னொரு அரை மணி போனது. ரீஃபண்ட் கேட்டால், அனுமதித்த நேரத்தைத் தாண்டி விளையாடிவிட்டீர்கள் என்று பதில் வந்தது. நான் எங்கே விளையாடினேன்? அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம், மணிக்கணக்கு பார்க்கும் கடைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆனால் அன்றிலிருந்து, ஒரே கேம் இரண்டு கடையில் கிடைத்தால் ஜிஓஜி என்ற இணையக் கடையில்தான் வாங்குகிறேன்.

கணினி கேம் விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீமின் விதி பலருக்கும் தெரிந்ததுதான். வாங்கி 14 நாளுக்குள், ஓடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். எபிக் என்ற கடைக்கும் ஏறக்குறைய அதே 14 நாள், 2 மணி நேரம்தான். அந்த வரம்புக்குள் இருந்தால் ஸ்டீமில் பெரிதாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பணம் கட்டிய வழியிலேயே திரும்பப் பெறலாம், வேண்டுமானால் வாலட்டில் போட்டுக்கொள்ளலாம். இதில் எனக்குக் குறையே இல்லை.

சிக்கல் அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. அது எண்ணுவது கேம் திறந்திருந்த நேரத்தை. நீங்கள் உருப்படியாக ஆடிய நேரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஷேடர் தொகுப்பதும், உறைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், கேமைத் திறக்கும் லாஞ்சர் மென்பொருளுடன் போராடுவதும் ஒரே கணக்கில்தான் விழும். வெளியீட்டுக்கு முன்பே ஆடக் கிடைக்கும் முன்அணுகல் நேரத்தையும் 2024 ஏப்ரலில் இருந்து ஸ்டீம் அந்த 2 மணி நேரத்தில் சேர்த்துக்கொள்கிறது. அதாவது கேம் எவ்வளவு மோசமாக ஓடுகிறதோ, உங்கள் அவகாசமும் அவ்வளவு வேகமாகக் கரையும். அதைவிட முக்கியமானது, மோசமான பக் பலவும் முதல் 2 மணி நேரத்தில் தலைகாட்டுவதில்லை. சேவ் கெடுவது, முக்கியமான குவெஸ்ட் (கதையில் முடிக்க வேண்டிய பணி) நகராமல் நிற்பது, போகப் போக மெமரி நிரம்பிக் கேம் திணறுவது எல்லாம் கதை சூடுபிடித்த பிறகுதான் தெரியும்.

வரம்பு தாண்டினாலும் கேளுங்கள், பார்க்கிறோம் என்று ஸ்டீம் சொல்வது உண்மை. ஆனால் விதி எப்போது தாராளமாக வளைகிறது என்பதற்கு 2015 நல்ல உதாரணம். ஸ்டீம் ரீஃபண்ட் முறை வந்தது அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில். அதே மாதம் 23ஆம் தேதி பேட்மேன்: ஆர்க்கம் நைட் கணினியில் வந்தது. அதன் நிலைமை அவ்வளவு மோசம், உடனே விற்பனையையே நிறுத்தினார்கள். அக்டோபரில் மீண்டும் விற்பனைக்கு வந்தும் சரியாகாததால், எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும் அந்த ஆண்டு முடியும்வரை முழுப் பணம் திரும்பக் கிடைத்தது. உலகமே கூச்சல் போட்ட கேம் அது. யாருக்கும் தெரியாத சின்ன கேமில் நீங்கள் தனியாளாக மாட்டிக்கொண்டால் விதிதான் பேசும்.

ஜிஓஜியில் 2020 பிப்ரவரியில் இருந்து கணக்கு வேறு. வாங்கிய நாளிலிருந்து 30 நாள். தரவிறக்கி, திறந்து, விளையாடியிருந்தாலும் கேட்கலாம். அங்கே விற்கும் கேம்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு இல்லை, கடையின் மென்பொருள் இல்லாமலேயே ஓடும். அதனால் மணி எண்ணுவதே அவர்களுக்குச் சரிப்பட்டு வராது என்று தோன்றுகிறது. பக் கேமுக்கு இந்த 30 நாள் இன்னொரு வகையிலும் உதவும். வெளியாகி முதல் சில வாரங்களில்தான் பிழை திருத்தும் பேட்ச்கள் வரிசையாக வரும். முதல் பேட்சுக்கும் இரண்டாவதுக்கும் காத்திருந்து, அதன் பிறகும் தேறவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். 2 மணி நேரக் கடையில் இப்படிக் காத்திருந்து மறுபடி திறந்து பார்க்கத் துணிச்சல் வருவதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். பெரிய புது வெளியீடுகள் பல ஜிஓஜிக்குத் தாமதமாக வரும், சில வருவதே இல்லை. இந்தச் சலுகையை யாராவது தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்று கவனிப்போம், மறுக்கவும் செய்வோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கே இதுவரை ஒரே ஒரு முறைதான் பணம் கேட்டேன், தொல்லையில்லாமல் வந்தது. ஒன்றை வைத்து எல்லாருக்கும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கன்சோல் என்னிடம் இல்லை. அதனால் விதியை மட்டும் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு, ஆனால் தரவிறக்கத் தொடங்கிவிட்டால், கேமே பழுது என்றால் தவிர, பணம் இல்லை. எது பழுது என்பதில்தான் இழுபறி. 2020 டிசம்பர் 10இல் வந்த சைபர்பங்க் 2077ஐ எட்டே நாளில் பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி தன் கடையிலிருந்து தூக்கி, வாங்கியவர்களுக்குப் பணம் தந்தது. அதுவும் பேட்மேன் மாதிரி கூச்சல் கிளம்பிய கதைதான்.

ஜிஓஜியில் இல்லாத கேமை ஸ்டீமில் வாங்கினால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வாங்கியதும் திறப்பதில்லை. இரண்டு மணி நேரம் ஒழிந்த நாளாகப் பார்த்து உட்கார்ந்து, தொடக்கக் காட்சிகளைத் தாண்டிவிட்டு, சேவ் செய்து, வெளியேறி, மறுபடி லோட் செய்து பார்க்கிறேன். 90 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுவேன். அதற்குள் இரண்டு கிராஷ் வந்திருந்தால் கிராபிக்ஸ் அமைப்பைத் தொடுவதே இல்லை, நேராக ரீஃபண்ட் பக்கம்தான்.