எம்ஜிபிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: கிட் வாங்கும் முன் காயிலை அளந்துவிடுங்கள்

என்னிடம் இருப்பது 1971 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடும் சிபி பாயின்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை எலக்ட்ரானிக்காகச் செய்யும் பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் கிட் போட்டு ஓட்டுகிறேன். நல்ல பொருள். இதைத் திட்டுபவர்களின் பானெட்டைத் திறந்து பார்த்தால், கோளாறு பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் காயிலில்தான் (பேட்டரி வோல்ட்டைத் தீப்பொறிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தும் சுருள்) இருக்கிறது.

ரோட்டருக்குக் கீழே கேம் மீது ஒரு காந்த வளையம், பாயின்ட் இருந்த இடத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் மாட்யூல். வெளியே வருவது சிவப்பும் கறுப்புமாக இரண்டே வயர். கண்டென்சர் தேவையில்லை. மூடியைப் போட்டுவிட்டால் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மாதிரியேதான் தெரியும். எனக்கு அது முக்கியம்.

முதலில் எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்பது. எம்ஜிபியில் 1967 கடைசி வரை பாசிட்டிவ் எர்த், அப்புறம் நெகட்டிவ். இரண்டுக்கும் கிட் வேறு. ஆண்டை மட்டும் வைத்து ஆர்டர் போடாதீர்கள், இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். நான் தெளிவாக எழுதிக் கேட்டும் விற்றவர் பாசிட்டிவ் எர்த் கிட்டை அனுப்பிவிட்டு, மாற்றித் தர இழுத்தடித்தார். பெட்டியைப் பிரித்ததும் லேபிளைப் படித்ததால் தப்பியது.

அடுத்தது காயில். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்த கிட்டுக்குக் காயிலின் பிரைமரி சுற்றில் (பேட்டரி பக்கச் சுற்று) குறைந்தது 3 ஓம் தடை வேண்டும். 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்பியர், 1.5 ஓம் என்றால் 8 ஆம்பியர். அந்த இரட்டிப்புச் சூட்டை ஒரு சின்ன மாட்யூல் எத்தனை நாள் தாங்கும்? 1970-களின் நடுவிலிருந்து வந்த ரப்பர் பம்பர் எம்ஜிபிகளில் 1.5 ஓம் காயிலும், காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்க வயரிங்குக்குள்ளேயே மறைந்திருக்கும் பல்லாஸ்ட் என்ற தடை வயரும் சேர்ந்து வரும். பல்லாஸ்ட் இருப்பது தெரியாமல் சிவப்பு வயருக்கு அதன் வழியாக சப்ளை கொடுத்தால் மாட்யூலுக்கு முழு வோல்ட் கிடைக்காது. பல்லாஸ்டை நீக்கிவிட்டு அதே காயிலை வைத்தால் மாட்யூல் கருகும். காயிலின் வயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவில் அளக்க வேண்டும். மலிவான மீட்டராக இருந்தால் முதலில் அதன் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அரை ஓம் பிசகும் பெரிசு.

ஆர்பிஎம் மீட்டர் கொஞ்சம் படுத்தியது. என் வண்டியில் இருப்பது காயிலுக்குப் போகும் கரண்ட்டை உணரும் பழைய ஸ்மித்ஸ் ஆர்விஐ வகை. வேகம் கூடினால் முள் தாறுமாறாக ஆடியது. சிவப்பு வயருக்கான சப்ளையை மீட்டருக்குப் போகும் முன்பே எடுத்ததும் அடங்கிவிட்டது.

சரி, ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? பவர் கூடவில்லை. கச்சிதமாக செட் செய்த புது பாயின்ட்டும் இதே அளவுக்கு இழுக்கும். ஆனால் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய கேப் குறையும், டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) நகரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஐடிலிங் ஒரே சீராக நிற்கிறது. மாட்டிய பிறகு டைமிங் லைட் வைத்து மறுபடி செட் செய்வது கட்டாயம்.

வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப தீப்பொறியை முன்கூட்டித் தரும் அட்வான்ஸ் ஸ்பிரிங், வெயிட், வேக்கும் டயாஃப்ரம் எல்லாம் அதே பழையவைதான், அவற்றை இந்த கிட் சரிசெய்யாது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கிட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். 123 இக்னிஷன் மாதிரி முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரே வாங்கிவிடலாம். அதன் சுவிட்ச் வகையில் 16 அட்வான்ஸ் கர்வ் இருக்கிறது. விலை அதிகம்தான். என் ஷாஃப்ட் நன்றாக இருந்ததால் எனக்கு இதுவே போதுமாக இருந்தது.

இன்னும் இரண்டு விஷயம்: வெறும் செம்புக் கம்பி பிளக் வயர் போடாதீர்கள், அதன் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும். எஞ்சின் ஓடாதபோது இக்னிஷனை ஆனில் விட்டு வைக்காதீர்கள், காயிலும் மாட்யூலும் சேர்ந்தே சூடேறும்.