நத்தார் பலகாரத்துக்கு ஓர் ஊசி வெப்பமானி: வாங்கலாமா?

மார்கழியில் திருகோணமலைக்கு மழை வரும், கேக் மணம் வரும், கூடவே அதே பழைய புலம்பலும் வரும். கேக் நடுவில் அமுங்கிப் போச்சு, பால் டொபி இறுகேல்லை, கோழி எலும்போரம் வேகேல்லை. பழி சமையல் குறிப்பின் மேல் விழும். பெரும்பாலும் பிழை சூட்டில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சாமான்.

நீட்டுக் கம்பி, பிளாஸ்டிக் தலை, சின்னத் திரை, பொத்தான் பற்றரி ஒன்று. பெயர்பெற்ற தயாரிப்பு அல்ல. பாத்திரக் கடைகளிலும் ஒன்லைனிலும் இந்த வகை கிடைக்கும். 300 பாகை வரை காட்டும் என்று உறையில் போட்டிருக்கும். வாங்கியதும் கொதிநீரில் கம்பியை விட்டுப் பாருங்கள். நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். (நுவரெலியாவில் தண்ணீர் 94க்குக் கிட்டவே கொதித்துவிடும், அங்கே இந்தச் சோதனை பலிக்காது.) 98 காட்டினால் எறிய வேண்டாம், எப்போதும் இரண்டைக் கூட்டி வாசியுங்கள்.

இது தன் விலைக்கு உழைப்பது பால் டொபியில். ரின்பால் ஒன்று, சீனி அரைக்கிலோ, தண்ணீர் அரைக்கோப்பை, பட்டர் 50 கிராம். சீனி முழுக்கக் கரைந்த பிறகே கொதிக்க விடவேண்டும். தாச்சி ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத் தூரிகையால் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் டொபி மணல் மணலாய் வரும். பிறகு கைவிடாமல் கிண்டவேண்டும். கம்பியின் நுனி பாகுக்குள் இருக்கட்டும், அடியில் முட்டக் கூடாது. முட்டினால் தாச்சியின் சூட்டைத்தான் காட்டும். 116 வந்ததும் இறக்கலாம். மழை நாளில் டொபி காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் 118 வரை விடுவது நல்லது. 112இல் இறக்கினால் தட்டில் களிபோலக் கிடக்கும். அதைக் கொட்ட வேண்டாம்: மீண்டும் தாச்சியில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு, மெல்லிய நெருப்பில் இளக்கி மறுபடி 116க்குக் கொண்டுவாருங்கள். 122 தாண்டிப் பொருபொருத்தாலும் இதே வைத்தியம்தான், பாலை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். அடிப்பிடித்தால் மருந்தில்லை.

பட்டர் கேக்கில் ஈர்க்குக் குத்திப் பார்ப்பதைவிட இது நம்பகம். நடுவில் குத்தும்போது 96 முதல் 98 என்றால் வெந்துவிட்டது. 90 என்றால் ஓவனை மூடி, மேல் கருகாதபடி அலுமினியத் தாள் போர்த்தி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 90இல் வெளியே எடுத்த கேக்தான் ஆறும்போது அமுங்குவது. அமுங்கி ஆறியதைத் திரும்ப ஓவனில் வைத்தால் ஓரம் காய்ந்துவிடும், நடு எழும்பாது. வேகாத நடுவை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தில் ட்ரைஃபிள் போடுங்கள்.

கேக் அடிக்க முன்னரும் ஒருமுறை குத்தலாம், பட்டருக்குள். சீனியோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்க அது 18 முதல் 21 பாகைக்குள் இருக்கவேண்டும். எங்கள் குசினியில் வெளியே வைத்த பட்டர் அரைமணித்தியாலத்துக்குள் அதைத் தாண்டிக் குழைந்துவிடும். குழைந்த பட்டரில் கேக் அடர்த்தியாய் எண்ணெய்ப் பிடிப்பாய் வரும். கலவையை அடித்த பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் சரியாகும். முட்டை விட்டதும் திரிந்தால், அளந்து வைத்த மாவில் ஒரு மேசைக்கரண்டியை அள்ளிப் போட்டு அடியுங்கள்.

முறுக்குக்கு எண்ணெய் 170 அளவில் இருந்தால் போதும். ஒரே தரத்தில் கனக்கப் போட்டால் சூடு விழுந்து முறுக்கு எண்ணெய் குடிக்கும். குறைவாய்ப் போட்டு, சூடு திரும்பி ஏறியபின் அடுத்ததைப் பிழியுங்கள். கோழிக்கு 74, தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல்.

குறைகளும் உண்டு. எண் நிலைக்க ஆறேழு வினாடி பிடிக்கும், அதுவரை எண்ணெய் ஆவியில் கை சுடும். ஓவனுக்குள் விட்டு மூடினால் தலை உருகிவிடும். ஓவனின் உட்சூட்டை அளக்க, உள்ளே தொங்கவிடும் வட்ட வெப்பமானி வேறாய் வாங்கவேண்டும். மேசை ஓவன்களின் குமிழ் 180 என்றாலும் உள்ளே 160ஓ 200ஓ இருக்கலாம் என்பதால் கேக் அடிக்கடி செய்பவர்களுக்கு அதுவும் தேவை. வருசத்தில் ஒரு கேக் போடுகிறவர்களுக்கு ஊசி ஒன்றே காணும்.

கழுவும்போது கம்பியை மட்டும் துடையுங்கள், தலைக்குள் தண்ணீர் போனால் திரை மங்கிவிடும். பொங்கல் பலகாரம் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள்; உப்புக்காற்றில் முனை பச்சை பிடிக்கும்.