டீரூம் மெஷினா, கோல்டன் சைனாவா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் சண்டை வரும். டீரூம் என்கிற முக்குக்கடையில், ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் பன்னி சௌ வாசனைக்கு நடுவே நின்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின் உசத்தியா, வீட்டில் டிவியோடு மாட்டி ஆடிய கோல்டன் சைனா உசத்தியா?

டர்பன் கடற்கரை ஆர்கேட்களை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று இளசுகள் கேட்கலாம். பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்த சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கடற்கரையின் நல்ல பகுதிகள் பெரும்பாலும் நமக்கில்லை. ஆர்கேட் என்றால் நமக்கு முக்குக்கடை டீரூம்தான்.

டீரூம் மெஷினின் ராஜா 1991இல் கேப்காம் விட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம். ஆளுக்கு ஆறு பட்டன். கண்ணாடியின் அடிவிளிம்பில் 20 சென்ட் காசை வைத்தால் அடுத்த ஆட்டம் உங்களுடையது. யாரும் எடுக்க மாட்டார்கள், அது எழுதாத சட்டம். ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் நகர்வான். தெருவிலேயே பெரிய ரவுடி என்று பெயர் வாங்கியவன் ஒரு பொடியனிடம் தோற்று, வாயைத் திறக்காமல் வரிசைக்குப் பின்னால் போனதை வேறு எங்கே பார்க்க முடியும்? ஆட்டத்தில் தேர்ந்தெடுக்க இருந்த எட்டுப் பேரில் நம்ம ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள இந்திய யோகி தால்சிம் இருந்தார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னால் யானைகள். பாசம் உண்டு, ஆனால் நடை மெதுவோ மெதுவு. அவரை நம்பிக் காசு போட யாருக்கும் மனசு வரவில்லை.

குறை என்ன? அந்த மெஷின் உங்களைத் தோற்கடிப்பதற்கென்றே எழுதப்பட்டது. சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். பின்னால் நிற்கிற கடைக்கார அங்கிள் வேறு, "தம்பி, ஆடறதுன்னா ஆடு, இல்லன்னா வழிய விடு" என்பார். ஒரு ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தவர்கள் எங்கள் தெருவில் வெகு சிலர்.

கோல்டன் சைனா நேர் எதிர். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் மலிவு நகல் அது. நாங்கள் 'டிவி கேம்' என்றே சொல்வோம். கேசட்டில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் இருப்பது கைவிரலுக்குள் அடங்கும், அதையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். படமும் ஏழை. ஜாய்ஸ்டிக்கில் இரண்டே பட்டன், கூடவே பிடித்தாலே சடசடவென அடிக்கும் டர்போ இரண்டு. நான் ஆடிய திருட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தால்சிமையே காணோம்! டபுள் டிராகன் இன்னும் மோசம்: ஆர்கேடில் இருவரும் தோளோடு தோள் நின்று அடிக்கலாம், வீட்டுப் பதிப்பில் ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் சும்மா உட்கார வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை படம் வரையும். நம் நாட்டு டிவிகள் PAL முறை, 50 முறைதான். அந்த நாடுகளுக்கு எழுதிய மாரியோ எங்கள் வீட்டில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். பாட்டும் இழுத்தது. எங்களுக்கு அதுதான் சரியான வேகம். பிறகு அசலைக் கேட்டபோது யாரோ துரத்துகிற மாதிரி இருந்தது.

ஆனால் இருவர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேறும் கான்ட்ரா என்று வந்தால் வீடுதான், மறுபேச்சே இல்லை. மாமா மகனோடு பக்கத்தில் உட்கார்ந்து, செத்தால் மறுபடி ஆரம்பித்து, காசு பயமில்லாமல் ஒவ்வொரு கட்டமாக மனப்பாடம் செய்து கடைசி வரை போனோம். எங்கள் அக்காவுக்கு டீரூம் பக்கம் போகவே அனுமதியில்லை. அவள் ஆடியதெல்லாம் டிவி கேம்தான். பொம்மைத் துப்பாக்கியால் திரையில் வாத்து சுடும் டக் ஹன்ட்டில் அவளை அடிக்க ஆளில்லை. ஒரே எதிரி ஞாயிறு காலை டிவியில் வந்த இந்தியர் நிகழ்ச்சி 'ஈஸ்டர்ன் மொசைக்'. அது ஓடும்போது டிவியைத் தொட்டால் அவ்வளவுதான். தொடாத நாளிலும், "பெட்டி கெட்டுப்போகும்" என்று பாட்டி புலம்புவார்.

என் ஓட்டு? இருவர் மோதுவதற்கு டீரூம். மற்ற எல்லாவற்றுக்கும் டிவி கேம். டீரூமுக்காக அடித்துப் பேசும் நண்பர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு: ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அடைத்த ஆர்கேட் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் காசு கணக்கை இலவசம் என்று வைக்காதீர்கள். ஆளுக்கு இத்தனை ஆட்டம் என்று வைத்தால்தான் கை நடுங்கும். டிவி கேம் என்றால் பழைய குண்டு டிவி ஒன்றையும் சேர்த்துத் தேடுங்கள். டக் ஹன்ட்டில் விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி அந்த ஒளியைத்தான் பிடிக்கிறது. தட்டை டிவியில் அந்த மின்னல் தாமதமாக வருவதால் ஒரு வாத்தும் விழாது.