யாப்பு, அணி ஃபிளாஷ் கார்டுகள்: அணிக்கு வாங்கலாம், யாப்புக்குப் பேனாவும் வேண்டும்

முன்பக்கம் பெயர், பின்பக்கம் ஒரு வரி இலக்கணமும் ஒரு சான்றும். மாணவர்களுக்கான இந்த அட்டைக் கட்டு அவ்வளவுதான். உவமை போன்ற அணிகளுக்கு இது போதும். செய்யுளின் அமைப்பைச் சொல்லும் யாப்புக்குப் போதாது.

அணிப் பகுதியில் நல்ல வேலை நடந்திருக்கிறது. வழக்கமாகக் குழப்பும் அணிகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்பதில் 'போல' என்ற உவம உருபு வெளிப்படை, உவமை அணி. 'அகர முதல' குறளில் உவமை ஒரு தொடர், பொருள் ஒரு தொடர், நடுவே உருபு இல்லை, எடுத்துக்காட்டு உவமை. 'பீலிபெய் சாகாடும்' குறளில் உவமை மட்டும்தான் உண்டு, சொல்லவந்த பொருளை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், பிறிது மொழிதல். மூன்றையும் மேசையில் வரிசையாகப் போட்டு, உருபு இருக்கிறதா, பொருள் இருக்கிறதா என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

கட்டிலேயே சிறந்தது தற்குறிப்பேற்ற அட்டை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' அசைகின்றன. 'போல்' கண்ணில் பட்டதும் உவமை என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். காற்றில் இயல்பாக அசையும் கொடிமேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார் என்று அட்டையே எச்சரிக்கிறது.

யாப்புக்கு வந்தால் சறுக்கல். எதுகைக்கு 'இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டுமே! 'பட்டு, கட்டு' எதுகை; 'பாட்டு, கட்டு' ஆகாது. இந்தப் பாதியை விட்டால் மாணவர் கண்டதையெல்லாம் எதுகை என்பார்.

அலகிடும், அதாவது சீரை அசைகளாகப் பிரிக்கும் அட்டையில் 'கற்க கசடற' குறளைப் பிரித்துக் காட்டியது சரி, ஆனால் ஏன் அப்படி என்று இல்லை. 'கசடறக்' என்பதைக் கச/ட/றக் என்று உடைப்பதுதான் வழக்கமான பிழை. 'ட' குறில், அடுத்து இன்னொரு குறில் நிற்கும்போது அது தனித்து நேரசை (தனி எழுத்தால் ஆன அசை) ஆகாது. கச/டறக் என்று இரண்டு குறில் சேர்ந்த நிரையசை இரண்டு, நிரைநிரை, அதன் வாய்பாடு கருவிளம்.

வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு, அதாவது கடைசிச் சீருக்கு, அட்டையே இல்லை. கட்டில் உள்ள வெற்று அட்டை ஒன்றில் நாள், மலர், காசு, பிறப்பு என்று அதன் வாய்பாடுகளை எழுதி, 'தக' மலர், 'உலகு' பிறப்பு என்று சான்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மற்றச் சீர்களைப் போலவே பிரித்து, 'உலகு' புளிமா ஆகிவிடும்.