தெருவிலும் டிராக்கிலும் ஓடும் ஒரே கார்: பின் டிஃபரன்ஷியலில் எதை மாட்டுவது?

போன மாதம் ஆயில் மாற்றுவதற்காக என் காரின் பின் ஆக்ஸில் கவரைக் கழற்றினேன். டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப், என்பது எஞ்சின் தரும் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுப்பு. உள்ளே இருப்பது ஹெலிகல் கியர் டிஃபரன்ஷியல், மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. வடிந்த ஆயில் லேசாகக் கறுத்த தேன் மாதிரி இருந்தது. காந்தத்தைத் தடவிப் பார்த்தால் விரல் நுனியில் மெல்லிய சாம்பல் நிறம் ஒட்டியது, அவ்வளவுதான். இதே ஹவுசிங்கில் முன்பு இருந்த கிளட்ச் வகை டிஃபைத் திறந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று ஆயில் தார் போல வந்தது, கருகிய வாடை ஷெட் முழுக்க நின்றது. வெளியே எடுத்த கிளட்ச் பிளேட்டுகள் ஆயில் நிற்க வேண்டிய வரிகள் எல்லாம் தேய்ந்து, வழுவழுவென்று கண்ணாடி மாதிரி மின்னின.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் நான் படித்ததும் கழற்றிப் பார்த்ததும்தான் இந்த அலசல். என் சாய்வு ஹெலிகல் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் முன் எஞ்சின் வி8, மேனுவல் கியர்பாக்ஸ், பின்னால் சாலிட் ஆக்ஸில், அதாவது இரண்டு பின் சக்கரமும் ஒரே விறைப்பான ஹவுசிங்கில் இணைந்தது. வாரம் முழுக்க சாலையில் ஓடும், மாதம் ஒன்றிரண்டு முறை டிராக்குக்கு, அதாவது நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் ரேஸுக்குப் போகும். கால் மைலை 12 வினாடிச் சொச்சத்தில் முடிக்கும். இதைவிட ரொம்ப வேகமான கார்களைப் பற்றிச் சொல்லும்போது என் கை அனுபவம் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் அமைப்பு எதுவும் இல்லாத ஓப்பன் டிஃபைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு சக்கரத்துக்கும் சமமான டார்க்தான் (முறுக்கு விசைதான்) கொடுக்கும். ஆகவே பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அதே அளவுதான் மற்றதற்கும் போகும். சாலிட் ஆக்ஸில் காரில் இது இன்னும் மோசம். கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸிலின் சிறிய பல்சக்கரமான பினியனைத் திருகும்போது ஹவுசிங்கையும் சேர்த்துத் திருகப் பார்க்கிறது. வழக்கமான திசையில் சுற்றும் எஞ்சினில் இடது பின் சக்கரம் தரையில் அழுந்தும், வலது பின் சக்கரம் லேசாகும். லாஞ்சில், அதாவது நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பும்போது, வலது டயர் மட்டும் புகைந்து, தரையில் ஒற்றைக் கறுப்புக் கோடு விழுவது இதனால்தான். இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும், டிஃபுக்குள் இருக்கும் சிறு கியர்களான ஸ்பைடர் கியர்களை வெல்டிங் வைத்து ஒட்டுவதையும் தள்ளி வைத்துவிடலாம். கடினப்படுத்திய கியரில் வைத்த வெல்டிங் எப்போது விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க டிராக் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகளே அதைத் தடை செய்கின்றன.

மீதி இருப்பவை நான்கு: ஸ்பூல், லாக்கர், கிளட்ச் வகை, ஹெலிகல். நேர்கோட்டில் கால் மைல் மட்டும் ஓடுவதாக இருந்தால் நான்குமே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். டிராக்குக்கு எது நல்லது என்று கேட்டால் பதில் பெரிதாக மாறாது. சாலையில் திரும்பும்போது என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் நான்கும் நான்கு வழியில் பிரியும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். பின் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெருமுனையில் 90 டிகிரி திரும்பினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 2.36 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். அகலமாகத் திரும்பினாலும் சரி, ஒடித்துத் திரும்பினாலும் சரி, இந்த 2.36 மீட்டர் மாறாது. யூ-டர்ன் என்றால் இரண்டு மடங்கு. 26 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். அதாவது ஒவ்வொரு முனையிலும் ஒரு சக்கரம் மற்றதைவிட ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் அதிகமாகச் சுற்ற வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருவதற்குள் எத்தனை முனை திரும்புகிறோம்? அந்த வித்தியாசத்தை ஏதோ ஒன்று தாங்கித்தான் ஆக வேண்டும். எது தாங்குகிறது என்பதுதான் எனக்குத் தீர்ப்பு சொன்ன விஷயம்.

ஸ்பூலில் அதை டயர் தாங்குகிறது. இரண்டு ஆக்ஸிலும் ஒரே துண்டு மாதிரி இறுகியிருப்பதால் 2.36 மீட்டரும் ரப்பராகத் தரையில் உராய்ந்து போகும். டயர் பிடித்துக்கொண்டு நழுவுவதற்குள் ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறி முறுக்கேறி விடுபடும். இப்படி ஆயிரக்கணக்கான முறை நடந்தால் இரும்பு சோர்ந்துவிடும். முழு ஸ்பூல் எடை குறைவு, எளிமை, உறுதி. முழு டிராக் காருக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஆக்ஸிலின் உள்முனையைச் சி வடிவக் கிளிப் பிடித்திருக்கும் (சி-கிளிப்) ஹவுசிங்கில் ஆக்ஸில் உடைந்தால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும். டிஃப் முழுதாகப் பூட்டிய கார் என்றால் ஆஃப்டர்மார்க்கெட் ஆக்ஸிலும் அதை வெளியே வராமல் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம் என்று என்.எச்.ஆர்.ஏ. வைத்திருப்பது சும்மா இல்லை. மழையில் ஸ்பூல் காரை வளைவில் திருப்புவதைப் பற்றி விவரிக்கவே வேண்டாம். காரோடு வந்த கேரியருக்குள் (டிஃப் கியர்கள் உட்காரும் கூட்டுக்குள்) ஸ்பைடர் கியருக்குப் பதிலாகப் போடும் மினி ஸ்பூல் இன்னும் ஒரு படி கீழே. சாலைக் கஷ்டம் முழுதும் இருக்கும், முழு ஸ்பூலின் உறுதி இருக்காது.

லாக்கரை நான் ஓட்டியது நண்பர் ஒருவரின் காரில் ஒரே ஒரு மாலை. அதனால் இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். உள்ளே பல் வைத்த கிளட்ச் இருக்கும். திரும்பும்போது வெளிச் சக்கரம் பல்லைத் தாண்டித் தாண்டி விடுபட்டு ஓடும், தள்ளுவது உள் சக்கரம் மட்டும். நேராக வந்ததும் திரும்பப் பூட்டிக்கொள்ளும். உறுதியில் குறையே சொல்ல முடியாது. 1970 மஸ்டாங்கின் டிராக் பேக்கில் 4.30 ரேஷியோவோடு டெட்ராய்ட் லாக்கரைத்தான் ஃபோர்டே கொடுத்தது. அன்று மாலை எனக்கு ஒத்துவராமல் போனது ஒரே விஷயம்தான். வளைவின் பாதியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பின்னால் ‘டங்’ என்று ஒரு அடி, கார் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தது. மேனுவல் கியர்பாக்ஸில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கால் ஏறி இறங்கும் என்பதால் இது அடிக்கடி வரும். நண்பருக்கு அது பழகிவிட்டது, அவர் கை ஸ்டீயரிங்கைத் தானாகவே திருத்துகிறது. ஈரச் சாலையில், குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு, என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, கிளட்ச் வகைக்கு வருவோம். பாசிட்ராக்‌ஷன், டிராக்‌ஷன்-லாக் என்று அந்தக் காலத்திலிருந்தே கம்பெனிகள் கொடுத்துவந்தது பெரும்பாலும் இதுதான். ஆக்ஸிலோடு இணைந்த சைடு கியருக்குப் பின்னால் பிளேட் அடுக்கு, நடுவில் ஸ்பிரிங். ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் அழுத்தும். டார்க் ஏறும்போது ஸ்பைடர் கியர்கள் சைடு கியர்களை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் அழுத்தும். ஒரு சக்கரம் முழுதாகப் பிடிப்பு இழந்தாலும் ஸ்பிரிங்கின் அழுத்தம் மிச்சம் இருக்கும். இது இந்த வகையின் உண்மையான பலம், ஹெலிகலுக்கு இல்லாத பலம். ஸ்பிரிங்கை மாற்றி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிளேட் தேய்ந்தால் புதிது போடலாம். புதுப் பிளேட்டோடு இருந்தபோது என் கார் அருமையாகக் கிளம்பியது.

ஆனால் அந்த 2.36 மீட்டரை இங்கே தாங்குவது பிளேட்டுகள். ஒவ்வொரு முனையிலும் அழுத்தத்தோடு ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்துகொண்டுதான் திரும்புகின்றன. டிராக்கில் நேராக ஓடும்போது இரண்டு சக்கரமும் ஒரே வேகம், பிளேட் நழுவுவதே இல்லை. நான் ரொம்ப நாள் நினைத்திருந்தது நேர்மாறாக: டிராக்கில் அடிக்கும் லாஞ்ச்தான் பிளேட்டைத் தின்கிறது என்று. தின்றது தினசரி ஓட்டம். அதோடு பின் டயர் இரண்டில் ஒன்று கூடுதலாகத் தேய்ந்திருந்தாலோ காற்று குறைந்திருந்தாலோ, நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போதும் பிளேட் விடாமல் உராயும். எனக்கு ஒரு முறை ஒரு பக்க டயர் மட்டும் பழுதாகி, அதை மட்டும் புதிதாக மாற்றி ஆறு மாதம் ஓட்டினேன். அந்த ஆறு மாதம் என்ன செய்திருக்கும் என்று பின்னால்தான் புரிந்தது.

அப்புறம் ஆயில். கிளட்ச் வகைக்கு கியர் ஆயிலோடு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்க்க வேண்டும். குறைந்தால் பார்க்கிங்கில் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று நடுங்கும், கூடினால் பிடிப்பே போய்விடும். தேய்மானம் ஒரே நாளில் வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். டிராக்கில் இரண்டு கோடு விழுந்த இடத்தில் ஒன்று அழுத்தமாகவும் ஒன்று மங்கலாகவும் விழத் தொடங்கியபோது நான் டயரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றது தரையில் இருக்க, டார்க் ரெஞ்ச் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். எதிர்ப்பே காட்டாமல் சுற்றியது. அன்றைக்கு என் காரில் இருந்தது பேருக்குத்தான் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்.

பிளேட்டை மாற்றிப் போட்டிருக்கலாம், அது ஒரு நாள் வேலை. ஆக்ஸிலை உருவ வேண்டும், ஸ்பைடர் கியரை எடுக்க வேண்டும், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) பார்க்க வேண்டும். நான் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அந்த வேலை திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் என் மனதை மாற்றியது.

ஹெலிகலில், அதாவது டார்சன், ட்ரூட்ராக், குவைஃப் என்று பல பெயரில் வரும் குடும்பத்தில், பிளேட்டே கிடையாது. சாய்ந்த பல் வைத்த பினியன்கள் ஜோடி ஜோடியாகக் கேஸின் குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். டார்க் வரும்போது அந்தச் சாய்வு பினியன்களைக் குழிச் சுவரில் தள்ளி அழுத்தும், அந்த உராய்வுதான் வேகமாக ஓடப் பார்க்கும் சக்கரத்தைத் தடுக்கிறது. டார்க் எவ்வளவோ அழுத்தமும் அவ்வளவே. முனை திரும்பும்போது நாம் ஆக்ஸிலரேட்டரை லேசாகத்தான் மிதிக்கிறோம், அதனால் உள்ளே அழுத்தமும் லேசுதான். அந்த 2.36 மீட்டரைக் கியர்கள் ஆயிலுக்குள் உருண்டு கழித்துவிடுகின்றன. மாடிஃபையர் தேவையில்லை. ட்ரூட்ராக்குக்கு சிந்தெடிக் வேண்டாம், சாதாரண மினரல் கியர் ஆயிலே போதும் என்று அதைத் தயாரிக்கும் ஈட்டனே சொல்கிறது. சாலையில் ஓட்டும்போது உள்ளே ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

இதன் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. இது பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது. வகையைப் பொறுத்து, பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் டார்க்கைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை மடங்கு வரை மற்றதற்கு அனுப்பும். மூன்று மடங்கு என்று வைத்தால், ஒரு பக்கம் 200 நியூட்டன் மீட்டர் தாங்கினால் மறுபக்கத்துக்கு 600 வரை போகும். ஒரு பக்கம் பூஜ்ஜியம் என்றால் மறுபக்கமும் பூஜ்ஜியம்தான். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் ஓப்பன் டிஃப் மாதிரியே நடந்துகொள்ளும். ஜாக்கி சோதனையும் இதற்கு உதவாது. புதிதாக மாட்டியவர்கள் காரைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றது எதிர்த்திசையில் சுற்றுகிறதே, ஏமாந்துவிட்டோமா என்று பதறுவது இதனால்தான். அது அப்படித்தான் சுற்றும்.

டிராக் லாஞ்சுக்கு இந்தப் பெருக்கல் போதுமா? எனக்கு இருந்த முக்கியமான சந்தேகம் அதுதான். லாஞ்சில் பின் எடை இடது 60, வலது 40 என்று பிரிந்தாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றரைதான். மூன்று மடங்கு திறனுக்குள் அது தாராளமாக அடங்கும். வலது சக்கரம் தரையை விட்டே எழும்பினால்தான் பிரச்சினை. சஸ்பென்ஷன் ஓரளவு சரியாக இருந்தால் என் வேகத்தில் அது நடக்கவில்லை. இரண்டு வருஷமாக இரண்டு கோடும் ஒரே அழுத்தத்தில் விழுகின்றன. முதல் 60 அடி நேரத்தில், புதுப் பிளேட்டோடு இருந்த கிளட்ச் டிஃபுக்கும் இதற்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. டயரும் வெயிலும் வேறு வேறு என்பதால் நூறில் ஒரு பங்கு வினாடியை வைத்து வாதாட மாட்டேன். ஒரு முறை மட்டும், புல்லில் நிறுத்திய காரை ஈரத்தில் எடுக்கும்போது ஒரு சக்கரம் சும்மா சுற்றியது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்தேன். சுற்றும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைத்ததும் மற்றது மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு காரைத் தள்ளியது.

10 வினாடிக்குக் கீழே போகும், பெரிய ஸ்லிக் (வரிகள் இல்லாத ரேஸ் டயர்) போட்டு முன் சக்கரத்தைத் தூக்கும் கார் என்றால் நான் இதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். அந்த அதிர்ச்சியில் கேஸும் பினியன்களும் எவ்வளவு நாள் தாங்கும் என்பது என் கையால் பார்த்த விஷயமில்லை. அப்படிப்பட்ட கார்களை வைத்திருக்கும் நண்பர்கள் ஸ்பூலுக்கோ லாக்கருக்கோதான் போயிருக்கிறார்கள். அந்தக் கார்கள் சாலையில் ஓடுவதும் குறைவு.

எதை வாங்கினாலும் ஆக்ஸிலின் ஸ்பிளைன் எண்ணிக்கையை, அதாவது ஷாஃப்டின் முனையில் டிஃபோடு பொருந்தும் பற்களின் எண்ணிக்கையை, முதலில் முடிவு செய்யுங்கள். கேரியர் எந்த ஸ்பிளைனுக்கு வாங்கினோமோ அதற்குத்தான் பொருந்தும். இப்போதைக்கு 28 ஸ்பிளைன் போதும் என்று வாங்கிவிட்டு, அடுத்த வருஷம் 31 ஸ்பிளைன் ஆக்ஸில் போட நினைத்தால் டிஃபையே திரும்ப வாங்க வேண்டியிருக்கும். முறுக்கு தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியில் கூடுவதால், 28-லிருந்து 31-க்கு ஏறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறுதி கூடுகிறது. நான் முதலிலேயே 31 எடுத்தேன். பழைய கிரவுன் பினியனையே (பினியனும் அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனும்) வைத்துக்கொண்டதால் பினியனைத் தொடவில்லை, பக்க ஷிம்மை மட்டும் மாற்றிப் பேக்லாஷை (இரண்டு கியர்களின் பற்களுக்கு இடையே உள்ள தளர்வை) 0.25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அதற்கே டயல் கேஜை நான்கு முறை திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கிரவுனின் பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தபோது, தடம் பல்லின் நடுவில் முட்டை வடிவத்தில் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கவரை மூடினேன்.