கருவிப் பெட்டியோடு பறக்கிறவருக்கு எந்த மைல் கணக்கு உதவும்?

ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. கப்பல் பம்ப், வால்வு, கம்ப்ரஸர் பழுது பார்ப்பதுதான் தொழில். வேலை சென்னைத் துறைமுகத்தில் என்றால் பத்து நிமிஷத்தில் போய்விடுவேன். மும்பை, கொச்சி, சிங்கப்பூர் என்றால் விமானம்தான். மாதத்துக்கு இரண்டு பயணம் நிச்சயம். எந்த ஏர்லைன்ஸில் மெம்பர் ஆனால் லாபம் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கிலோ கணக்கு. உள்நாட்டில் இண்டிகோவிலும் சரி, ஏர் இந்தியாவின் மலிவு எகானமி டிக்கெட்டிலும் சரி, செக்-இன் பை 15 கிலோ, கையில் 7 கிலோ. துணிமணியோடு போகிறவருக்கு இது போதும். எங்களுக்குப் போதாது. ஒருமுறை கவுன்டரில் பெட்டியைத் தூக்கி வைத்தேன், 19.4 என்று காட்டியது. கூட வந்த பையன் பைப் ரெஞ்சை எடுத்து, “அண்ணா, இத கைப்பையில வெச்சுக்கலாமா?” என்றான். அதெல்லாம் செக்யூரிட்டியில் நிற்கும். ஸ்பேனர், ரெஞ்ச், பியரிங் புல்லர் எதுவும் கேபினுக்குள் போகாது. கடைசியில் ஐந்து கிலோவுக்குக் கவுன்டர் விலையைக் கட்டினேன். அதே ஐந்து கிலோவை முந்தின நாளே ஆன்லைனில் வாங்கியிருந்தால் குறைவாக முடிந்திருக்கும். அன்றிலிருந்து வீட்டிலேயே எடை போட்டுப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

அதனால் மெம்பர்ஷிப்பை நான் பார்ப்பது லவுஞ்ச் சாப்பாட்டுக்காக இல்லை, கூடுதல் எடைக்காக. இங்கேதான் வித்தியாசம் பெரிது.

இண்டிகோ 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. பாயின்ட் திட்டம் என்று சொந்தமாக ‘ப்ளூசிப்’பைக் கொண்டுவந்தது 2024-இல்தான். செலவழிக்கும் ரூபாய்க்கு ஏற்பப் பாயின்ட் சேரும், அதை டிக்கெட் வாங்கப் பயன்படுத்தலாம். பல நாட்டு ஏர்லைன்ஸ்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டணி எதிலும் இண்டிகோ இல்லாததால், அங்கே வாங்கிய மெம்பர் அந்தஸ்து வேறு நாட்டு விமானத்தில் அப்படியே செல்லுபடியாகாது. ஆனால் சென்னையிலிருந்து எந்த ஊருக்கும் நேரத்துக்கு நேரம் விமானம் இருப்பது இவர்களிடம்தான். கப்பல் ஒருநாள் முன்னதாகவே கிளம்புகிறது என்று தகவல் வந்தால், அடுத்த விமானம் எப்போது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் என்ற அப்படிப்பட்ட கூட்டணியில் சேர்ந்தது. 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா இதோடு இணைந்தது. இரண்டு பேரின் பாயின்ட் திட்டங்களும் ஒன்றாகி ‘மகாராஜா கிளப்’ ஆனது. அதே வருஷம் தூரக் கணக்கை விட்டுவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறினார்கள். மலிவு டிக்கெட் வாங்குகிறவருக்கு இது நஷ்டம்தான்: எவ்வளவு தூரம் பறந்தாலும் கொடுத்த பணத்துக்குத்தான் பாயின்ட். ஆனாலும் மெம்பர் அந்தஸ்தில் கோல்டு என்ற மேல்படி வரை ஏறிவிட்டால் அது ஸ்டார் அலையன்ஸ் கோல்டும்கூட. அதாவது கூட்டணியில் உள்ள மற்ற ஏர்லைன்ஸ்களிலும் கூடுதல் லக்கேஜ் உண்டு. கருவிப் பெட்டிக்காரருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

அப்புறம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர். இதுவும் ஸ்டார் அலையன்ஸ்தான். கோல்டு ஆக 12 மாதத்தில் 50,000 எலைட் மைல், அதாவது அந்தஸ்துக்காகக் கணக்கிடும் மைல், வேண்டும். சென்னை–சிங்கப்பூர் ஒருவழி ஏறக்குறைய 1,800 மைல். முழு மைல் தரும் டிக்கெட் என்றாலே 14 தடவை போய் வர வேண்டும். மலிவு வகையில் பாதி மைல்தான் என்பதால் 28 தடவை. மாதம் இரண்டு முறை சிங்கப்பூர் போனாலும் எட்டாது. எனக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். சேர்ந்த மைலும் மூன்று வருஷத்தில் காலாவதியாகும். இவர்களுடைய மலிவு ஏர்லைன்ஸான ஸ்கூட்டில் டிக்கெட் விலை குறைவு, ஆனால் அடிப்படைக் கட்டணத்தில் செக்-இன் பையே இல்லை. எடைக்குத் தனியாகக் கட்டிய பிறகுதான் விலையை ஒப்பிட வேண்டும்.

கப்பலில் வேலைக்கே போகிறவர்கள் என்றால் இத்தனை கணக்கும் வேண்டாம். ஏஜென்டிடம் மரைன் ஃபேர், அதாவது கப்பல் ஊழியர்களுக்கான தனிக் கட்டணம், கேளுங்கள். எடையும் தேதி மாற்றமும் தாராளமாக இருக்கும்.

பாயின்ட்டைப் பூட்டி வைக்காதீர்கள். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றபோது சேர்த்த மைலெல்லாம் வீணாயின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது மைல்கள் பிழைத்தன. அந்தத் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால்தான். காசிமேட்டில் வாங்கிய மீனை யாரும் மூன்று நாள் வைத்திருப்பதில்லையே.

மெம்பர் கார்டே இல்லாதவருக்கும் உள்ள உரிமை ஒன்று இருக்கிறது. மும்பையில் ஒரு சாயங்காலம், கன்ஃபர்ம் டிக்கெட்டோடு நேரத்துக்குப் போயும், இடம் நிரம்பிவிட்டது, காலையில் அனுப்புகிறோம் என்று ஒரு கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூப்பன் மட்டும் நீட்டினார்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி அப்படிச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராமல் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 வரை. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, எழுத்தில் கேட்டேன். பணம் வந்தது.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் நேராக ஏர்போர்ட்தான். ஆனால் முதல் ரயில் அதிகாலை ஐந்து மணிக்கு. ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது, கார்தான் பிடிக்க வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அந்த வாடகைக்கே போய்விடும்.

அடுத்த மாதம் கொச்சியில் வேலை. இண்டிகோதான் போட்டிருக்கிறேன், காலை பத்து மணிக்கு மேல் கிளம்புவது, ஐந்து கிலோ கூடுதலாக முன்பதிவில். மும்பை வேலைகளுக்கு மட்டும் இந்த வருஷம் முழுக்க ஏர் இந்தியா. அதில் கோல்டு வருகிறதா என்று பார்க்கிறேன்.